முருங்கை இலைச் சுண்டலில் ஒரு புரதம்

என் உடம்பும் நான் இருக்கும் வீடும் ஒன்றன்பின் ஒன்றாக என்னை ஏமாற்றின. உடம்பின் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அதற்கு யோசிக்கத் தெரியாது என்று ஓர் உயிரியல் ஆசிரியன் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் அப்படிச் சொல்லித்தான் மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன். வீட்டில் இருந்தவர்களுக்கு யோசிக்கத் தெரியும். அதனால் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாக உயிரியல் படிப்பிக்கிறேன். புரதங்கள் என்ற பாடம் வந்தால் எனக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். மாப்பொருளும் கொழுப்பும் எரிந்து சக்தியைத் தந்துவிட்டுப் போகிறவை, உயிரின் உண்மையான வேலைக்காரன் புரதம்தான் என்று தொடங்குவேன். உன் தலைமயிரும் நகமும் கெரட்டின். உன் தோலும் எலும்பும் குலைந்து போகாமல் பிடித்து வைத்திருப்பது கொலாஜன். கடைசி வாங்கில் ஒருத்தன் கொட்டாவி விட்டுக்கொண்டு கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கிறானே, அது தசைக்குள் அக்ரினும் மயோசினும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகிற வேலை. காலையில் தின்ற புட்டைச் செரிக்க வைப்பது நொதியம். மூச்சில் வந்த ஒட்சிசனைச் சுமந்துகொண்டு கால் பெருவிரல் வரைக்கும் போவது ஈமோகுளோபின். இப்படியே போய், கடைசியில் பிறபொருளெதிரிக்கு வருவேன். குருதிக்குள் திரியும் காவல்காரன், வெளியிலிருந்து வந்த எதிரியைப் பிடித்துக் காட்டிக்கொடுப்பவன் என்று குரலை உயர்த்திச் சொல்வேன். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். காவல்காரனுக்கும் ஆள் மாறிப்போகும் என்பதை ஒற்றை வரியில் சொல்லி முடித்துவிடுவேன். அந்த வரியின் கனம் அப்போது எனக்கே தெரியாது.

நான் படுவான்கரை ஆள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் விழுகிற பக்கம் இருக்கும் ஊர்களைப் படுவான்கரை என்போம். வயல் வட்டையும் வரம்பும் மாடும்தான் எங்கள் வாழ்க்கை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் கிழக்குப் பக்கம் எழுவான்கரை. என் மனைவி எழுவான்கரையில், தேற்றாத்தீவில், வாவியில் வலை போட்டுப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் வீடு மாறுவதில்லை. ஆண்தான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போவான். வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆக, நான் இருபத்திரண்டு வருடத்துக்கு மேலாக இருப்பது என் மனைவியின் வீட்டில். சமையலறை அவளுடையது, அவளுக்கு முன் அவளுடைய தாயுடையது. அங்கே எனக்குச் சொந்தமாக இருந்தது புத்தக அலுமாரி ஒன்றும் என் வயிறும்தான்.

அந்த வயிற்றை அவர்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் எனக்கு இறாலைப் பற்றி அதிகம் தெரியாது. எங்கள் ஊரில் விரால், கெளுத்தி, பனையான் என்று குளத்து மீன்தான். இங்கே வந்த பிறகு இறால் என்றால் நான் பைத்தியம். மனைவியின் அண்ணன், என் மச்சான், விடியலில் தோணியை விட்டு இறங்கியதும் நல்ல பெரிய இறாலாகப் பார்த்து வேறாக எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு நேரே எங்கள் வீட்டு வாசல் படலைக்கு வருவார். “மச்சானுக்கு” என்று ஒரு சொல். அவ்வளவுதான். அவர் அதிகம் பேசுகிற ஆள் அல்ல. அன்பு, மரியாதை, படித்த மாப்பிள்ளை வந்ததில் இருந்த பெருமை எல்லாம் அந்தச் சாக்குக்குள்தான் இருக்கும். நானும் குறை வைக்காமல் தின்றேன்.

பிறகு ஒரு நாள் பகல், வழக்கமான இறால் கறி, வழக்கமான சோறு. பாதியில் உதடு தடித்தது. கண்ணாடியில் பார்த்தேன், யாரோ குத்திவிட்டுப் போன மாதிரி வீங்கியிருந்தது. கழுத்திலும் வயிற்றிலும் திட்டுத்திட்டாகத் தடிப்பு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இனி இறால், நண்டு, சிங்க இறால் ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது, அடுத்த முறை தொண்டை அடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மீனில் பயமில்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்துப் பார்த்தேன். இறாலின் தசையில் துரோப்போமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. அது என் தசையிலும் இருக்கிறது, இதை வாசிக்கிற உங்கள் தசையிலும் இருக்கிறது. தசை சுருங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. இறாலினுடையது கொஞ்சம் வேறு மாதிரி. அந்தக் கொஞ்ச வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, இருபது வருடமாக உள்ளே விட்ட விருந்தாளியை என் காவல்காரன் ஒரு நாள் திடீரென்று திருடன் என்று கத்தத் தொடங்கிவிட்டான். அவன் கத்துகிற கத்தலில்தான் வீடு இடிகிறதே தவிர, வந்த விருந்தாளி ஒன்றும் செய்யவில்லை. இதை என் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. எதைப் பற்றி இத்தனை வருடம் பெருமையாகப் படிப்பித்தேனோ அதுவே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மாமி, என் மனைவியின் தாய், முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

“கிரந்தி தம்பி, கிரந்தி. சும்மா தோல் தடிப்பு, வேற ஒண்டுமில்ல. நல்லா அவிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் திண்டு வந்தா ஒத்துப்போகும்.”

நான் புரதம், பிறபொருளெதிரி என்று விளக்கினேன். மாமி வெற்றிலையை மென்றுகொண்டு என் முகத்தையே பார்த்தாவே தவிர ஒரு சொல்லையும் எடுத்துக்கொள்ளவில்லை. மச்சான் அடுத்த கிழமையும் சாக்கோடு வந்தார். வேண்டாம் என்று சொன்னேன். அதற்கடுத்த கிழமையும் வந்தார். அப்போதும் வேண்டாம் என்றேன். மூன்றாம் முறை படலையில் நின்றபடியே தங்கையிடம் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்:

“இருவது வருசமாத் திண்ட இறால் இப்பதான் நஞ்சாப் போச்சாக்கும்.”

அதற்குப் பிறகு சாக்கு வரவில்லை. அந்த நாட்களில்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் உப அதிபராகப் பதவி உயர்வும் வந்திருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஆட்களுக்கு நேரம் எடுக்கவில்லை. வேலியோரம் மாமி அயலில் உள்ள ஒரு பெண்ணிடம் “படுவான்கரையாருக்கு இப்ப எங்கட வாவி நாறுதாம்” என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். ஒருவன் நோயாளி என்று சொல்வதை விட அவன் பெருமை பிடித்தவன் என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அப்போது வயிறெரிந்தேன்.

என் பக்கம் நின்றது மனைவி ஒருத்திதான். அதை இப்போதும் மறுக்க மாட்டேன். எனக்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை, தனி அம்மிக் குழவி கூட எடுத்து வைத்தாள். இறாலோ நண்டோ சமைக்கிற நாளில் என் கறியை முதலில் இறக்கிவிட்டுத்தான் அதைத் தொடுவாள். கீரை வதக்கிய சுண்டலுக்கும் தேங்காய்ச் சம்பலுக்கும் அவர்கள் வீட்டில் கூனி போடுவது வழக்கம். கூனி என்பது நகத்தளவு கூட இல்லாத சின்ன இறால், காயவைத்துப் போத்தலில் வைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் அதற்குப் பதில், காய்ந்த சூரை மீனில் இடித்த மாசித்தூள் போட்டாள்.

“அவங்கட கதையக் காதில போட்டுக்கொள்ளாதீங்க. நான் நம்புறன்தானே” என்று ஒரு நாள் சொன்னாள்.

அந்த ஒரு சொல் போதும் என்று இருந்தேன். எங்கள் ஒரே மகள் கம்பசுக்குப் படிக்கப் போய்விட்ட பிறகு வீட்டில் நானும் அவளும் மாமியும்தான். அவள் வைத்த தட்டில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது.

சனிக்கிழமைகளில் எங்கள் முற்றத்துக் கொட்டிலில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு எடுப்பேன். அன்று பாடம் புரதத்தின் உருவம். ஒரு புரதத்துக்கு அதன் மடிப்புத்தான் உயிர், மடிப்புக் குலைந்தால் வேலையும் போய்விடும் என்பதைக் காட்ட, மனைவியிடம் ஒரு தாச்சியும் முட்டையும் கேட்டு வாங்கினேன். அடுப்பு வைத்து, முட்டையை உடைத்து ஊற்றினேன். கண்ணாடி போல இருந்த வெண்கரு வெளிறிக் கட்டியானது. “பாத்தீங்களா? சூடு பட்டா புரதம் செத்துப்போகும். இனி இத என்ன செஞ்சாலும் பழையபடி வராது” என்றேன். தாச்சியைத் திரும்ப வாங்கிப் போக மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சில புரதங்கள் சூட்டுக்கு அசையாது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பரீட்சைக்கு அது வராது என்பதால் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. மச்சான் பல மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மனைவிதான் கூப்பிட்டிருந்தாள். சேர்ந்திருந்து சாப்பிட்டால் மனத்தாங்கல் போய்விடும் என்று சொன்னாள்; எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, மணலை மீன் கறி, ஒரு முட்டைப் பொரியல், முருங்கை இலைச் சுண்டல், கடைசியில் எருமைத் தயிர். எல்லாருக்கும் ஒரே சட்டிதான் இண்டைக்கு, எல்லாத்துக்கும் மாசிதான் போட்டது என்று அவள் சொன்னாள். நாங்கள் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

சுண்டல் அன்று விசேஷமாக இருந்தது. முதல் வாயிலேயே நாக்குக்குத் தெரிந்தது. பழைய ருசி, நான் இரண்டு வருடமாக மறந்திருந்த ருசி. இதை நான் ஒளிக்கப் போவதில்லை: என் நாக்கு அதை அடையாளம் கண்டது. கண்டும், மாசிதான் இன்று நன்றாக வறுபட்டிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “இன்னும் கொஞ்சம் போடு” என்று தட்டை நீட்டினேன். மனைவி அகப்பையை எடுத்தாள், பிறகு தயங்கினாள். “மறுகா சாப்பிடுங்களன்” என்று தள்ளிப்போடப் பார்த்தாள். மாமி குறுக்கே “கேக்கிற மனிசனுக்குப் போடு மகள்” என்றா. அவள் போட்டாள். மச்சான் தலையைக் குனிந்து தன் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

தயிரைப் பிசைந்து இரண்டு வாய் வைத்ததும் உள்ளங்கை அரிக்கத் தொடங்கியது. பிறகு காது, பிறகு நாக்கின் அடி. எழுந்து முற்றத்துக்கு வந்தேன், முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. ஓர் ஆட்டோவில் தூக்கிப் போட்டது ஞாபகம். மச்சானின் மடியில் என் தலை இருந்தது ஞாபகம். அவர் “மச்சான், மச்சான்” என்று என் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தார். தொடையில் அட்ரினலின் ஏற்றினார்கள். இன்சுலினைப் போல எல்லா ஓமோனும் புரதம் அல்ல, அட்ரினலின் புரதம் அல்ல என்று அந்த நேரத்திலும் என் மண்டைக்குள் ஒரு வாத்தியார் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பயத்தில் மனிதன் எதையாவது பிடித்துக்கொள்கிறான். நான் என் பாடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்சம் தெளிந்ததும் இளம் பெண் மருத்துவர் ஒருவர் என் கட்டிலுக்கு வந்தார். கையில் என் பழைய கிளினிக் கொப்பி.

“இறால் ஏதும் சாப்பிட்டதா?”

நான் மனைவியைப் பார்த்தேன். பேசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. நாக்கு அவ்வளவு வீக்கம்.

“இல்ல டொக்டர்” என்றாள் அவள்.

“நண்டு? கணவாய்? கறியில கூனி, அப்பிடி ஏதும்?”

“இல்ல டொக்டர். இவருக்கெண்டு நான் தனியாத்தான் சமைக்கிற.”

மருத்துவர் யோசித்தார். அப்படியென்றால் புதிதாக வேறு ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம் என்றார். அன்று சாப்பிட்டவற்றை ஒவ்வொன்றாக எழுதினார். பருப்பு, மீன், முட்டை, தயிர் நான்குக்கும் நேரே ஒரு கோடு போட்டார். இரண்டு கிழமைக்கு இவற்றை நிறுத்துங்கள், பிறகு கிளினிக்கில் வைத்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். அவர் மேல் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை அவர் சரியாகத்தான் கேட்டார்.

இரண்டு கிழமை என்றது அவர். அதை ஆறு மாதம் ஆக்கியது என் பயம். மூச்சு வெளியே வராமல் நின்ற அந்த நேரத்தை அனுபவித்தவனுக்குத்தான் அது தெரியும். கிளினிக் நாள் வரும், ஏதாவது காரணம் சொல்லிப் போகாமல் விடுவேன். முட்டையைக் கண்டால் எழுந்து போய்விடுவேன். பருப்பு வேண்டாம் என்றால் கடலையும் கௌபியும் அதன் உறவுதானே என்று அவற்றையும் விட்டேன். தயிர் போனது, பால் போனது, பிறகு நிலக்கடலையும் போனது. சோறு, பூசணிக்காய், கீரை, மரவள்ளிக்கிழங்கு. இவ்வளவுதான் என் சாப்பாடு. சோற்றிலும் கொஞ்சம் புரதம் இருக்கிறது, நெல்மணி தன் குருத்துக்கென்று சேமித்து வைத்தது. அதைத்தான் தின்று சமாளித்தேன் போலும்.

வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதியவை எல்லாம் என் உடம்பில் நடந்தன. குளித்துவிட்டுத் துவாயால் துடைத்தால் மயிர் கொத்தாக வந்தது. கெரட்டினுக்குச் சரக்கு இல்லை. வாவிக் கரையில் மட்டி ஓடு வெட்டிய கால் காயம் கிழமைக் கணக்காக மூடவில்லை; கொலாஜன் நெய்ய நூல் இல்லை. சைக்கிள் மிதித்தால் தொடை சோர்ந்தது. உடம்பு வேறு வழியில்லாமல் தன் தசையையே பிய்த்துத் தின்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மழைக் காலம் வந்ததும் தடிமன், இருமல், திரும்பவும் தடிமன். காவல்காரர்களைச் செய்யவும் புரதம் வேண்டும். கடைசியாகக் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து கொஞ்ச நேரம் நின்றது. இரத்தத்தைச் சோதித்தார்கள், அல்புமின் குறைவு. குருதிக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் வேலை, அது குறைந்தால் தண்ணீர் வெளியே கசிந்து காலில் தேங்கும். இதை நான் பிள்ளைகளுக்கு என் காலையே காட்டி விளக்கினேன். ஒருத்தி அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு நிறுத்திக்கொண்டேன்.

மனைவி இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் ஒரு முட்டையை அவித்து, தோல் உரித்து, என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீங்கானில் வைப்பாள்.

“முட்ட உங்கள ஒண்டும் செய்யாது. சாப்பிடுங்க.”

“உனக்கெப்பிடித் தெரியும்? நீ டொக்டரா?”

“எனக்குத் தெரியும். சாப்பிடுங்களன், கெஞ்சிக் கேக்கிறன்.”

ஒரு நாள் பீங்கானைத் தள்ளிவிட்டேன், அது விழுந்து உடைந்தது. அவள் குந்தியிருந்து துண்டுகளைப் பொறுக்கினாள். அழுகிறாள் என்று தெரிந்தது. பாவம், என்னை நினைத்துத்தான் இப்படி உருகுகிறாள் என்று எனக்கு மனம் இளகியது. அந்த இளக்கத்தை நினைக்கும்போதுதான் இப்போதும் எனக்கு முகம் எரிகிறது.

என் சந்தேகம் எல்லாம் மச்சான் மேல்தான். அன்று அவர் வந்த நாளில்தான் இது நடந்தது. தலையைக் குனிந்தே சாப்பிட்டார். இறால் பிடித்த கையைக் கழுவாமல் எதையாவது தொட்டிருப்பார், அல்லது வேண்டுமென்றே செய்திருப்பார் என்று நினைத்தேன். ஆட்டோவில் அவர் மடியில் என் தலை இருந்ததை மறந்துபோனேன். தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பினேன். ஒரு நாள் அவர் படலைக்கு வந்தபோது, “வீட்டில ஆளில்ல” என்று உள்ளே இருந்தே சொன்னேன்.

அவர்தான் கடைசியில் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாவிக் கரையில் தோணிகள் கட்டும் இடத்தில் மறித்தார். வலையைத் தோளில் போட்டிருந்தார். என் காலைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மச்சான், முட்ட திண்ணுங்க. பருப்புத் திண்ணுங்க. அதில ஒண்டுமில்ல.”

“அதை நீங்க எப்பிடிச் சொல்லுவீங்க?”

“அண்டைக்குச் சுண்டலுக்க கூனி கிடந்தது. அரைச்சுப் போட்டிருந்தாள்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. யார் என்று கேட்டேன். வேறு யார் இருக்கிறார்கள்?

“வாயில வைச்ச உடன எனக்குத் தெரிஞ்சி போச்சு. நாளெல்லாம் இதுக்குள்ளயே கிடக்கிறவன், எனக்குத் தெரியாதா? அம்மாக்கும் தெரியும். நீங்க நடிக்கிறீங்க எண்டுதான் நானும் நினைச்ச. திண்டும் ஒண்டும் செய்யாட்டி உங்களுக்கு முன்னால சொல்லிச் சிரிக்கிற எண்டு இருந்தம்.”

“அதுக்குப் பிறகு? ஆறு மாசம்?”

“அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், மச்சான். ஆஸ்பத்திரி வாசல்லயே கும்பிட்டாள்.”

நாலு பேர் இருந்து சாப்பிட்ட சாப்பாட்டில் மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. நான் ஒவ்வொரு உணவாகப் பயந்து பயந்து விட்டுக்கொண்டே போக, மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு என்னோடு ஒரே வீட்டில், ஒரே தெருவில் நடமாடினார்கள். மச்சான் இன்னும் ஏதோ சொன்னார், மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும். நான் நின்று கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவள் குசினியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்தாள். நான் கேட்கக்கூட இல்லை.

“அண்ணன் சொல்லிப்போட்டாரா?”

“ஏன் செஞ்ச?”

“பொய் எண்டு நினைச்சன். இல்ல, முழுக்கப் பொய் எண்டில்ல. உங்கட மனசில உள்ள பயம் எண்டு நினைச்சன். எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கும் அப்பிடித்தான் பட்டது. தெரியாமத் திண்டு ஒண்டும் வராட்டி அண்ணனும் நீங்களும் பழையபடி கதைப்பீங்க எண்டு பாத்தன்.”

“நான் செத்திருப்பன்.”

“நல்லாக் கருகக் கருக வறுத்துத்தான் அரைச்ச நான்” என்றாள். “சூடு பட்டாப் புரதம் செத்துப்போகும் எண்டு நீங்கதானே முதல் நாள் பிள்ளைகளுக்குச் சொன்ன? முட்டை ஊத்திக் காட்டின. நான் அதக் கேட்டுப்போட்டுத்தான் செஞ்சன்.”

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏனென்றால் அது பொய் அல்ல. இறாலின் அந்தப் புரதம் கொதியிலும் வறுப்பிலும் அசையாது. அது எனக்குத் தெரியும். நான் சொல்லாமல் விட்ட பாதிப் பாடத்தை அவள் முழுப் பாடமாக எடுத்துக்கொண்டாள். கூனி போட்டதற்கு அவளை மன்னிக்க ஒரு வழி இருந்தது, அந்த வழியில் என் பிழையும் கொஞ்சம் கிடந்தது. ஆனால் அதற்குப் பிறகு?

“டொக்டர் கேட்டாவே. கூனி எண்டு பேர் சொல்லியே கேட்டாவே. அப்ப ஏன் இல்லையெண்ட?”

அவள் வெட்டிய பூசணித் துண்டுகளைச் சட்டிக்குள் தள்ளினாள்.

“சொன்னா நீங்க இந்த வீட்டில சோறு திண்ணமாட்டீங்க” என்றாள்.

எங்கள் பக்கத்தில் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவது ஆண்தான். நானும் போனேன். கல்யாணத்துக்குத் தூக்கி வந்த பெட்டி இல்லை, பள்ளிக்கூடப் பையில் இரண்டு சேர்ட். பாலத்தைக் கடந்து படுவான்கரைக்கு வந்தால், என் தாய் வீடு இப்போது தங்கையின் வீடு. அதுவும் அந்த முறைப்படியே அவளுக்குப் போய்விட்டது. அவள் ஏன் என்று கேட்காமல் மூலையில் ஒரு கட்டிலைப் போட்டுத் தந்தாள். முதல் காலை முட்டை தின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் பருப்பு, பிறகு தயிர், பிறகு விரால் மீன். ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொன்றாக உடம்பு ஏற்றுக்கொள்ள ஏற்றுக்கொள்ள எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. இவ்வளவும் எனக்கு உரியதாகவே இருந்திருக்கிறது, ஒரு சொல்லைச் சொல்லாததால் அவள் அதை என்னிடமிருந்து ஆறு மாதம் மறைத்து வைத்திருந்தாள் என்ற எண்ணம் ஒவ்வொரு வாயோடும் உள்ளே போனது. தங்கையின் புருஷனும் அந்த வீட்டுக்கு வந்தேறியவன்தான். என்னை அவன் பார்த்த பார்வையில், உனக்கு இங்கே எத்தனை நாள் என்ற கேள்வி மரியாதையோடு நின்றது. இருபது நாளில் திரும்பி வந்தேன். மன்னித்து வந்தேன் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் நினைப்பு.

வந்து பார்த்தால் கூனிப் போத்தல் இல்லை. இறால் அந்த வீட்டுப் படலைக்குள்ளேயே வருவதில்லை. மாமி கூட ஆசைப்பட்டால் மகன் வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு, கை வாய் கழுவிக்கொண்டுதான் வருகிறா. கால் வீக்கம் வற்றிவிட்டது. காயம் மூடியது. மயிர் கூடக் கொஞ்சம் முளைத்திருக்கிறது. உடம்பு தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறது, அதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பகல் சாப்பாட்டுக்கு உட்காரும்போது இப்போது எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. நான் கேட்டதில்லை, அவளாகத் தொடங்கியது. என் தட்டில் எல்லாவற்றையும் போட்ட பிறகு, சோற்றிலும் கறியிலும் சுண்டலிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பிசைந்து, ஒரு வாய் தான் முதலில் சாப்பிட்டுக் காட்டுகிறாள். நான் தட்டைத் தொடாமல் அவள் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒன்றும் தெரியவராது. கூனி இருந்தாலும் அவளை அது ஒன்றும் செய்யாது; அவள் வாவிக்காரி, இறால் தின்று வளர்ந்தவள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் ஒரு நாளும் அந்த வாயைத் தவறவிடுவதில்லை. வேண்டாம், தேவையில்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை.